காக்கிச் சட்டையில் தைத்த மணல் பை

புதூர்நாட்டு மலை ஊர்களில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஜீப்பின் கூரையில் ஒரு மர நாற்காலியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி. ஊருக்கு ஊர் நாற்காலியின் உயரம் மாறும், மாறினால் அளவு ஒத்துவராது என்று எங்கள் பெரிய டாக்டரம்மா தச்சரிடம் சொல்லிச் செய்த நாற்காலி அது. என்னோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொண்ணு பாக்கப் போறீங்களா? உக்கார நாற்காலியெல்லாம் கையோட எடுத்துக்கினு வர்றீங்க" என்றாள். ஜீப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் சொந்த ஊர் கலசப்பாக்கத்துக்குப் பக்கம். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். ஜவ்வாது மலையைத் தினமும் மேற்கே பார்த்து வளர்ந்தவள். பிசியோதெரபி படித்து, ஏழெட்டு வருடம் கீழே ஆஸ்பத்திரிகளில் முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் வைத்தியம் பார்த்த பிறகு, ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை கிடைத்து அதே மலையின் மறுபக்கமாக ஏறினேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது அது வேறு மலையாக இருந்தது.

நாங்கள் ஆராய்ந்தது சதையைப் பற்றி. வயதாக ஆக எல்லோருக்கும் உடம்பில் தசை குறையும். நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை என்று தீராத நோய் ஒன்றும் கூடச் சேர்ந்துகொண்டால் அது இன்னும் வேகமாகக் கரையும். கரைவது முதலில் யாருக்கும் தெரியாது. சட்டை கொஞ்சம் பெரிதாகும். தண்ணீர்க் குடம் கனக்கும். வாசல்படி உயரமாகும். "வயசாயிடுச்சு, அவ்ளோதான்" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஒருநாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் போகும்போதுதான் வீடே திரும்பிப் பார்க்கும். மெஷின் எதுவும் இல்லாத ஒரு மலை ஊரில், நாற்காலியும் மணல் பையும் தினம் ஒரு முட்டையும் ஒரு கை வேர்க்கடலையும் வைத்து, போன சதையைக் கொஞ்சமாவது திருப்பிக் கொண்டுவர முடியுமா? இதுதான் எங்கள் கேள்வி.

முதல் மாதம் முழுக்க அளவெடுப்பதிலேயே போனது. கெண்டைக்கால் சுற்றளவு, கைப்பிடியின் இறுக்கம், நாலு மீட்டர் நடை, கடைசியாக நாற்காலி. இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பேன்.

அப்படி அளக்கப் போன வீடுகளில் ஒன்றில்தான் அவரைப் பார்த்தேன். ஊரின் கடைசி வீடு. வாசலில் ஒரு பழைய ஜீப்பின் முன்சீட்டைக் கழற்றி வைத்து, அதில் உட்கார்ந்திருந்தார். அறுபத்து மூன்று வயது. மலையடிவாரத்தில் நிலம் இருந்த குடும்பத்தில் பிறந்து, இருபத்தைந்து வயதில் ஒரு ஜீப் வாங்கிக்கொண்டு மேலே வந்து, முப்பது வருடத்துக்கு மேல் இந்த மலைப்பாதையில் புளியையும் பலாவையும் பிரசவ வலி எடுத்த பெண்களையும் ஏற்றி இறக்கியவர். காசநோய் இரண்டு முறை வந்து போயிருந்தது. போகும்போது பாதி நுரையீரலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஜீப்பை விற்றபோது சீட்டை மட்டும் தர மாட்டேன் என்று கழற்றி வைத்துக்கொண்டாராம்.

அவர் மனைவிக்கு ஐம்பத்தேழு வயது. அமிர்திப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர். எங்கள் ஆராய்ச்சியில் அறுபதுக்கு மேல் உள்ளவர்களை மட்டும்தான் சேர்த்திருந்தோம். அதனால் அவர் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை. ஆனால் நான் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது அவர்தான். கணவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி மூச்சுக்கு நிற்கும் இடத்தில் இவர் எடுத்து முடிப்பார். அது எப்போதும் அவர் சொல்ல வந்ததாகவே இருக்கும்.

கெண்டைக்காலை அளக்க வேட்டியை முழங்கால் வரை தூக்கச் சொன்னேன். தூக்கிவிட்டு அவர் முகத்தைத் திருப்பி எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அளவு நாடா அந்தக் காலைச் சுற்றி வந்து, இன்னும் நிறைய மிச்சம் தொங்கியது.

"கிளச்சு மிதிச்ச காலுங்க இது" என்றார், என்னைப் பார்க்காமலே.

நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். முதல் முறை எழுந்தார். முழுதாக நிமிர்வதற்குள் உதடு நடுங்கியது. உட்கார்ந்தார். இரண்டாவது முறை இடுப்பு ஒரு சாண் உயர்ந்து, அந்தரத்தில் நின்று, திரும்ப விழுந்தது. மூன்று தரம் அப்படி. மனைவி சட்டென்று முன்னால் வந்து அவர் அக்குளில் கை கொடுத்தார்.

"தொடக் கூடாதுங்கம்மா" என்றேன்.

கையை எடுத்துவிட்டார். ஆனால் என்னை நேராகப் பார்த்தார். "காலைல எழுந்ததுலருந்து நான்தான் தூக்கறேன். பாயிலருந்து, கொல்லையிலருந்து, இந்த சீட்டுலருந்து. இன்னிக்கு மட்டும் இன்னா, தொடக் கூடாது?"

அளவெடுப்பு என்றால் அப்படித்தான் என்று ஏதோ சொன்னேன். தாளில் "முடிக்க இயலவில்லை" என்று எழுதினேன்.

எந்தெந்த ஊருக்கு உடனே பயிற்சி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எந்தெந்த ஊர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை. கீழே அலுவலகத்தில், எங்களைத் தெரியாத ஒருவர் சீட்டு குலுக்கிப் போட்டார். அப்போதுதான் நமக்கு வேண்டியவர், நம்பிக்கை தருகிறவர் என்று பார்த்து எடுக்க மாட்டோம். இது நியாயமான முறை என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த ஊருக்குப் பயிற்சி என்றும், ஓடையைத் தாண்டினால் வரும் அவர்கள் ஊர் காத்திருக்கும் ஊர் என்றும் சீட்டு வந்தபோது, அதைப் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்.

மனைவி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"அங்க செய்றது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"உறுதியாத் தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சிக்கத்தான் இந்த ஆராய்ச்சி."

"தெரியாதுன்னா அவங்களுக்கு எதுக்கு செய்றீங்க? தெரிஞ்சா எங்களுக்கு எதுக்கு இல்ல?"

எத்தனையோ கூட்டங்களில் இந்தக் கேள்விக்கு அழகான விடைகளைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவற்றை விட்டுவிட்டு, "ஆறு மாசத்துல உங்களுக்கும் சொல்லித் தருவோம்" என்றேன். அவர் ஒரு புளியோட்டை நசுக்கிக் கொட்டையை எடுத்துத் தூரப் போட்டார். "ஆறு மாசம்" என்று மட்டும் சொன்னார்.

ஜீப் சீட்டில் இருந்தவர், "வுடு... அவங்க இன்னா... பண்ணுவாங்க" என்றார். எனக்காகப் பேசுவதற்கு அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

பயிற்சி ஊரில் வாரம் மூன்று நாள், காலை பத்து மணிக்கு, சமுதாயக் கூடத்தின் முன்னால் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். நாற்காலியிலிருந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டுவது, கையில் பையோடு தோளுக்குத் தூக்குவது. முதல் வாரம் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். இரண்டாவது வாரம் சண்டை போட்டார்கள், யார் பையில் மணல் அதிகம் என்று.

மூன்றாவது வாரம், கூடத்துக்கு எதிரில் இருந்த கல்கட்டில் ஒரு பெண் புளிக் கூடையோடு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். அவர்தான். ஜீப் சீட்டுக்காரரின் மனைவி. அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், புளி விஷயமாக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறையும் இருந்தார். அதற்கடுத்த முறையும். புளி தட்டுகிறவரின் கண் புளியில் இருக்கும். இவர் கண் எங்கள் மேல் இருந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் எதற்கு வருகிறார் என்பது எனக்கு நாலாவது வாரமே தெரிந்துவிட்டது. போகச் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் கீழே தகவல் சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. பயிற்சியைச் செய்து காட்டும்போது கல்கட்டுப் பக்கமாகத் திரும்பி நிற்க ஆரம்பித்தேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். "எழும்போது மூச்சை வெளிய விடணும், அடக்கக் கூடாது" என்பதை இரண்டு தரம் சொன்னேன். என் முன்னால் இருந்தவர்களுக்கு அது ஒரு தரமே கேட்டிருக்கும்.

மூன்று மாதம் கழித்து இடைக்கால அளவெடுப்புக்கு அவர்கள் ஊருக்குப் போனேன். வாசலில் நாற்காலியை வைத்தேன். அவர் ஜீப் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, முன்னால் சாய்ந்து, எழுந்து நின்றார். யாரும் தூக்கவில்லை. நான் அதைப் பார்க்காத மாதிரி தாளில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார். மெதுவாகத்தான். ஒவ்வொரு முறை எழும்போதும் "ஃபூ" என்று மூச்சை வெளியே விட்டார். மனைவி கதவுநிலையில் சாய்ந்து நின்றபடி, அவரோடு சேர்ந்து அதே மாதிரி வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவது அவருக்கே தெரியவில்லை.

ஐந்தாவது முறை முடிந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடியே பயம் வந்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. விரலில் மாட்டும் மெஷினை எடுத்து மாட்டினேன். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்த அதே மெஷின். எண் இறங்கிக்கொண்டே வந்து, நான் பார்க்க விரும்பாத ஓர் இடத்தில் நின்றது. தோளைத் தளர்த்தி முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லி, முதுகில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து ஏறியது.

"வீட்ல செய்யும்போதும் இப்படி ஆகுதாங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வூட்ல இன்னா செய்றோம்? ஒண்ணியும் செய்யல" என்றார் மனைவி.

"அம்மா, நான் கோவமா கேக்கல. உதடு நீலமாகுது. வீட்ல எப்படி செய்றீங்கன்னு காட்டுங்க."

உள்ளே போய் எடுத்து வந்தார். இரண்டு பைகள். கணவருடைய பழைய காக்கி டிரைவர் சட்டையைக் கிழித்து, நாலு பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, ஓடை மணலை நிரப்பியிருந்தார். ஒரு பையில் சட்டைப் பாக்கெட் அப்படியே பொத்தானோடு இருந்தது. கணுக்காலில் கட்டுவதற்குப் பழைய புடவை ஓரத்தில் நாடா. நாங்கள் கீழே தைக்கக் கொடுத்து வாங்கிய பைகளைவிட அவை நன்றாக இருந்தன. எங்கள் பைகளில் மணல் ஒழுகும்.

"நான் திருடல" என்றார். "கண்ணால பாத்தேன். கண்ணுக்கு இன்னா, வேலியா போட்டீங்க?"

தினம் காலையில், வெயில் வாசலுக்கு வருவதற்குள் செய்வார்களாம். இவர் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவார். அவர் பத்து வரை செய்ய வேண்டும். எட்டில் மூச்சு வாங்கினால், இவர் ஒன்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வார். அவர் மூச்சு திரும்பும் வரை ஒன்பது வராது. சில நாள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

"இவ எண்ணுனா... நிறுத்தவும் முடியாது. ஏமாத்தவும் முடியாது" என்றார் கணவர். "பள்ளிக்கூடத்துலகூட... நான் இப்பிடி... பயந்ததில்ல."

"உன் கை இல்லாம எழுந்திரிக்கணும்னு இவரு கேட்டாரு" என்றார் மனைவி. பிறகு கொஞ்சம் குரல் தாழ்ந்தது. "ஒரு நாள் கொல்லையில என்னால தூக்க முடியாம ரெண்டு பேரும் வுழுந்துட்டோம். இவரு அழுதாரு. என் முட்டியில ரத்தம், அதுக்காக அழுவறாருன்னு நெனச்சேன். அதுக்கில்ல."

நான் அவர்கள் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. விதிப்படி, காத்திருக்கும் ஊரில் நான் பயிற்சி சொல்லித் தரக் கூடாது. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக் கல்கட்டிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது. பயிற்சி ஊரில் இருந்தவர்களுக்கு நான் பக்கத்தில் இருந்து விரல் மெஷின் பார்த்தேன். இவருக்கு யாரும் பார்க்கவில்லை. இத்தனை நாள் அவர் பிழைத்திருந்தது இந்த அம்மா ஒன்பதைச் சொல்லாமல் நிறுத்தியதால்.

உதட்டை எப்படிப் பார்ப்பது, நாடியை எப்படித் தொட்டு எண்ணுவது, ஒரு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் அன்றைக்கு அதோடு முடித்துவிட வேண்டும், பத்தை இரண்டு ஐந்தாகப் பிரிக்கலாம் என்றெல்லாம் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் என்னிடம் திருப்பிச் சொன்னார். பிறகு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, கீழே இருந்த பெரிய டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் திரும்பி நின்றதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"முதல்ல அவர் இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார். சொன்னேன். "நீ சொல்லிக் கொடுத்தது சரி. அது வைத்தியம். ஆனா ரெண்டு மாசம் என்கிட்ட சொல்லாம இருந்தது தப்பு. அவருக்கு ஏதாவது ஆயிருந்தா?" அந்தக் கேள்வியை அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. "நடந்ததை நடந்த மாதிரி எழுது. ஒண்ணையும் அழகு பண்ணாதே" என்றார்.

எழுதினேன். அதன் பிறகு அளவெடுக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். யாரிடம் மனம் சாய்ந்துவிட்டதோ அவரை அளக்கும் கை நேராக இருக்காது என்பது சரியான காரணம்தான். பயிற்சி வகுப்பு மட்டும் எனக்கு. வேறொரு பெண் நாற்காலியோடு அவர்கள் ஊருக்குப் போவாள். முதல் தடவை அவள் போனதை ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தபோது, எனக்குச் சொந்தமான எதையோ யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்க மாட்டோம். சீட்டு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கத்து ஆளாகத்தான் கடைசி வரை எண்ணுவோம். பயிற்சி செய்தாலும் செய்யாதவராகவே கணக்கில் இருப்பார். இதை நான் அவர்களிடம் விளக்கியபோது, கணவர் சிரித்துச் சிரித்து இருமலில் முடித்தார். "அப்ப தாள்ல நான்... உக்காந்துகினு இருக்கேன். வூட்ல எழுந்து நிக்கறேன். போவட்டும் வுடுங்க மேடம்... ரெண்டு பேரா இருக்கறது... நல்லதுதான்."

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் மூச்சு இறைத்தது. ஜீப்பில் படுக்க வைத்துக் கீழே திருப்பத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அவர் ஓட்டிய அதே பாதையில் அவரை இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போனார். வளைவுகளில் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டு, "ரெண்டுல போடு, ரெண்டுல போடு" என்று காய்ச்சலில் முனகிக்கொண்டே போனாராம்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய். போர்வைக்கு வெளியே தெரிந்த கால்களைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. படுக்கையில் கிடந்தால் சதை எவ்வளவு வேகமாகப் போகும் என்று நான் படித்திருக்கிறேன், மேடையேறிப் பேசியுமிருக்கிறேன். மூன்று நாலு மாதம் ஒரு பெண் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சேர்த்ததைப் பத்து நாள் துடைத்துவிட்டதைக் கண்ணால் பார்ப்பது வேறு. மனைவி அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இதுகூட நீங்க சொன்னதுதான். படுத்துக்கினு இருக்கறவங்களுக்குன்னு அன்னிக்கு ஒரு பாட்டிக்குக் காட்டுனீங்க" என்றார்.

நான் வெளியே வராந்தாவுக்கு வந்து டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். அந்தப் பயிற்சியால்தான் இப்படி ஆனதா?

"இல்லை. இது மழைக்காலத் தொற்று. பழைய நுரையீரல்."

"அப்ப செஞ்ச பயிற்சியாலதான் பிழைச்சாரா?"

"அப்படிச் சொல்ல எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றார். "சான்று இல்லைம்மா."

கடைசி அளவெடுப்பு அவர் வீடு திரும்பிய மூன்றாம் வாரம் வந்தது. ஒரு முறைகூட எழ முடியவில்லை என்று அளக்கப் போன பெண் வந்து சொன்னாள். தாளில் அவர், பயிற்சி இல்லாத ஊரில் ஆறு மாதத்தில் பலம் குறைந்துபோன ஒருவர். அந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை. ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

தை பிறந்ததும் காத்திருந்த ஊர்களின் முறை வந்தது. இப்போது ஓடையைத் தாண்டிப் போய் வகுப்பு நடத்துவது என் வேலை, எந்த விதிக்கும் ஒளிய வேண்டியதில்லை. முதல் நாள் அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒருமுறை ஏறிய மலையில் அடிவாரம் வரை உருண்டவரை மறுபடி ஏறச் சொல்ல எனக்கே மனசில்லை. வந்தார்கள். அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தரம் நின்று வந்தார்.

"முதல்ல பத்து செஞ்சோம். இப்ப ரெண்டு" என்று மனைவி என்னிடம் அறிவித்தார், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "ரெண்டுலருந்து பத்துக்குப் போற வழி எங்களுக்குத் தெரியும்."

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் நான் மனைவியையும் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "எனக்கா? எனக்கு இன்னா வந்துச்சு?" என்றார். வயது வரம்பெல்லாம் முடிந்த ஆராய்ச்சிக்கு. வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்றேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் ஓர் ஆளைத் தூக்குகிறவர், என்னைவிட வேகமாக எழுந்து உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். மூன்றாவது முறையே முட்டியைப் பிடித்துக்கொண்டார். கொல்லையில் விழுந்த அதே முட்டி. அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. நானும் இத்தனை மாதம் அவர்களைப் பார்த்துப் பழகியும், ஒருநாளும் அவர் காலைப் பார்த்ததில்லை.

கணவர் அவர் முட்டியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவளுக்கும்... ஒரு பை குடுங்க மேடம். லேசா" என்றார்.

அந்த வருடம் முழுக்க இருவரும் வந்தார்கள். அவரால் மறுபடி ஐந்து முறை எழ முடிந்தது பங்குனியில். பத்து மறுபடி வரவே இல்லை. ஏழு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. நுரையீரல் வளராது, அதைப் பற்றி யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆராய்ச்சியின் முடிவும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது. நாங்கள் ஆசைப்பட்ட அளவு இல்லை, வீணும் இல்லை. பணம் முடிந்ததும் குழு கலைந்தது. நான் கீழே திரும்பி வந்து, இப்போது கலசப்பாக்கத்திலேயே சின்னதாக ஓர் இடம் எடுத்து வைத்தியம் பார்க்கிறேன். மலைக்குப் போய் வந்து இரண்டு வருடம் ஆகிறது.

போன மாதம் ஒரு காலையில் அவர்கள் எண்ணிலிருந்து போன் வந்தது. எப்போதும் மனைவிதான் பேசுவார். அன்று கணவரின் குரல்.

"இன்னாங்க, அம்மாவுக்கு ஏதாவது உடம்பு..."

"அவ நல்லா இருக்கா. ஊருக்குப் போயிருக்கா... அமிர்திக்கு. தங்கச்சி வூட்ல... விசேஷம். ஆறு வருஷமா... என்னைத் தனியா வுட்டுட்டு... எங்கியும் போனதில்ல."

"நீங்க தனியா எப்படி?"

"பாயிலருந்து எழுந்தேன். கொல்லைக்குப் போனேன். வந்தேன். டீ போட்டேன்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டு. எனக்குச் சொல்வதற்காகவே வரிசைப்படுத்தி வைத்திருந்த மாதிரி இருந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"போவும்போது அழுதுகினே போனா. நான்தான்... போடின்னு தள்ளி வுட்டேன். மூணு நாள்னு... பேச்சு."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"இன்னிக்குத்தான்... போனா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பஸ்சு இப்பதான்... கெளம்பியிருக்கும். எப்ப வருவான்னு இருக்கு மேடம்" என்றார்.